நகலை நம்பிச் சுவரை மீட்கலாமா? அஜந்தா நகல் ஓவியங்கள் பற்றி ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அஜந்தாவுக்குப் போய்வந்திருக்கிறீர்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அஜந்தா நகல் ஓவியங்களின் படங்களையும் பார்த்திருக்கிறீர்கள். குகைக்குள் மங்கலாகத் தெரிந்த உருவங்கள் நகலில் தெளிவாக இருக்கின்றன. அதனால் இரண்டு விஷயம் கேட்கிறீர்கள். நகலைப் பார்த்து மூல ஓவியத்தை மறுபடி வரைந்து மீட்டுவிட முடியாதா? போனே துல்லியமாகப் படமெடுக்கும் காலத்தில் கையால் நகலெடுப்பது எதற்கு? இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன்: இந்த நகல்களை எதற்கு, எவ்வளவு தூரம் நம்பலாம்?

நான் ஓவியம் படித்து, பிறகு சுவரோவியப் பராமரிப்பில் பயிற்சி பெற்றவன். பல ஆண்டுகளாகக் கோயில் சுவரோவியங்களை அளந்து, படமெடுத்து, படியெடுத்து ஆவணமாக்குவது என் வேலை. வண்ணங்களின் ரசாயன ஆய்வு என் துறை இல்லை, அதில் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் சொல்வதைத்தான் நானும் ஏற்கிறேன். சீனா, ஜப்பான் பற்றிக் கீழே வருபவை படித்து அறிந்தவை, நானே அங்கே வேலை செய்ததில்லை.

சுருக்கமான பதில் இதுதான். நகல் என்பது ஒரு மனிதர் ஒரு குறிப்பிட்ட ஆண்டில், அன்று கிடைத்த வெளிச்சத்தில், தன் கையிலிருந்த வண்ணத்தை வைத்துக் கொடுத்த வாக்குமூலம். எந்த உருவம் எங்கே இருந்தது, கோடு எப்படி ஓடியது, எந்த அளவு சுவர் அன்று மிஞ்சியிருந்தது என்பதற்கெல்லாம் அதை நிறையவே நம்பலாம். நிறத்துக்கு மிகக் குறைவாக நம்பலாம். அதை வைத்துச் சுவரில் மறுபடி வரையவே கூடாது. இனி இதற்கான காரணங்கள்.

அஜந்தாவில் பாறையைக் குடைந்த ஏறத்தாழ 30 பௌத்தக் குகைகள். சில கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. நாம் படங்களில் பார்த்துப் பழகிய ஓவியங்கள் பெரும்பாலும் 1, 2, 16, 17ஆம் குகைகளில் இருக்கின்றன, அவை கி.பி. 5ஆம் நூற்றாண்டில் தக்காணத்தை ஆண்ட வாகாடகர் காலம். இவற்றை ஈரச் சுண்ணாம்பில் வரைந்ததாகப் பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. கொத்திச் சொரசொரப்பாக்கிய பாறையின்மேல் மண், உமி, தாவர நார் கலந்த பூச்சு. அதன்மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு. அது காய்ந்த பிறகு பசை கலந்த வண்ணம். காவி, மஞ்சள் மண், பச்சை மண், விளக்குக்கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பு போன்றவை, கூடவே தூரதேசத்திலிருந்து வந்த லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லின் பொடி. ஈரச் சுண்ணாம்பில் வரைந்தால் வண்ணம் பூச்சுக்குள்ளேயே இறுகிவிடும். இங்கே வண்ணத்தைப் பிடித்துவைத்திருப்பது அந்தப் பசை மட்டும்தான். பசை வலுவிழந்தால் வண்ணம் உதிரும். மழைக்காலத்தில் பாறை விரிசல் வழியே நீர் கசிந்தால் பூச்சே பாறையை விட்டு விலகும். பூச்சிகள் உமியையும் நாரையும் தின்னும். வௌவால் எச்சம், உள்ளே தங்கியவர்கள் மூட்டிய தீயின் புகை எல்லாம் சேர்ந்துகொள்ளும். இப்படிப்பட்ட சுவர் இவ்வளவு காலம் நின்றதே பெரிது. நகலெடுக்க வேண்டும் என்ற அவசரம் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்ததற்கும் இதுதான் காரணம்.

1819 ஏப்ரலில் வேட்டைக்கு வந்த ஜான் ஸ்மித் என்ற மதராஸ் குதிரைப்படை அதிகாரி இந்தக் குகைகளைப் பார்த்தார். 10ஆம் குகைத் தூணில் ஓவியத்தின் மேலேயே தன் பெயரையும் தேதியையும் கீறிவிட்டுப் போனார், கீறல் இன்றும் இருக்கிறது. அடுத்த சில பத்தாண்டுகளில் வந்தவர்களில் சிலர் சுவரிலிருந்து உருவங்களைப் பெயர்த்தெடுக்கப் பார்த்தார்கள். மண்பூச்சு கையிலேயே நொறுங்கியது. இவற்றைக் காப்பாற்ற வேண்டும், நகலாவது எடுக்க வேண்டும் என்று கட்டடக்கலை வரலாற்றாளர் ஜேம்ஸ் பெர்குசன் 1843இல் ராயல் ஆசியாட்டிக் சொசைட்டியில் வாதாடினார். கிழக்கிந்தியக் கம்பெனி 1844இல் ராபர்ட் கில் என்பவரை நியமித்தது. அவரும் மதராஸ் ராணுவத்துக்காரர்தான்.

கில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளை அங்கே கழித்தார். கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் பெரிய பெரிய நகல்கள். லண்டனுக்கு அனுப்பப்பட்டவற்றை சிடன்ஹாமில் இருந்த கிறிஸ்டல் பேலஸ் என்ற கண்காட்சிக் கட்டடத்தில் காட்சிக்கு வைத்தார்கள். 1866 டிசம்பரில் அங்கே தீப்பிடித்தது. காட்சியில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட நகல்கள் எரிந்தன, காட்சிக்கு வராமல் இருந்த நாலைந்து மட்டும் தப்பின. நல்ல வேளையாக, கில் கேமராவும் வைத்திருந்தார். அவர் எடுத்த குகைப் படங்கள் 1864இல் பெர்குசனின் குறிப்புகளோடு நூலாகவே வந்திருந்தன. ஆனால் அன்றைய கேமராவால் அந்த இருட்டில் ஓவியத்தின் நிறத்தைப் பிடிக்க வழியே இல்லை.

திரும்ப நகலெடுக்கும் பொறுப்பு பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸிடம் வந்தது. 1872இல் தொடங்கி 1885 வரை, இடையிடையே நிறுத்தி நிறுத்தி, மாணவர்களை அழைத்துப் போய் வேலை செய்தார். பெஸ்தோன்ஜி பொமன்ஜி போன்ற இந்திய மாணவர்களின் உழைப்பு அதில் பெரிது. நீங்கள் பார்த்த பல நகல்கள் அவர்கள் கையால் வந்தவை. கிரிஃபித்ஸ் பெயர் மட்டும் முன்னால் நிற்பது எனக்கு எப்போதும் உறுத்தும். மொத்தம் ஏறத்தாழ 300 நகல்கள் லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. 1885 ஜூனில் அங்கேயும் தீ, ஒரு கணிசமான பகுதி போய்விட்டது. மிஞ்சியவற்றையும் மற்ற வரைபடங்களையும் வைத்து கிரிஃபித்ஸ் 1896, 1897இல் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். அந்த அருங்காட்சியகம்தான் பிறகு விக்டோரியா ஆல்பர்ட் என்று பெயர் மாறியது.

மூன்றாவது இழப்பு ஜப்பானில். 1917, 18 வாக்கில், தாகூரின் அழைப்பில் வங்காளம் வந்திருந்த ஜப்பானிய ஓவியர் அராய் கம்போ தன் நாட்டவரோடு சேர்ந்து அஜந்தாவில் படியெடுத்தார். அந்தப் படிகள் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் இருந்தன. 1923இல் பெரும் நிலநடுக்கமும் தீயும் வந்தபோது அவையும் அழிந்தன. எடுத்துப் போன நகல்கள் மூன்று முறை எரிந்திருக்கின்றன, அஜந்தாவில் வாகூர் ஆற்றுக்கு மேலே அந்த மண்பூச்சு இன்னும் நிற்கிறது. நகல் மூலத்தைவிட நீடித்திருக்கும் என்பது எந்தக் காலத்திலும் உறுதியில்லை. நகலெடுப்பவர்கள் திட்டமிடும்போது மறக்கக்கூடாத முதல் விஷயம் இது. ஒரு நகல் போதாது, எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் வைக்கவும் கூடாது.

அடுத்தது, நகலெடுத்ததால் சுவருக்கு என்ன ஆனது என்ற கசப்பான பகுதி. மங்கிய வண்ணம் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் நகலெடுத்தவர்கள் சுவரின் மேல் வார்னிஷ் பூசினார்கள். பூசிய அன்று நிறம் எடுப்பாகத் தெரியும். நாளடைவில் வார்னிஷ் மஞ்சளாகும், தூசியைப் பிடிக்கும், சுருங்கும்போது அடியில் இருக்கும் வண்ணத்தையும் இழுத்துக்கொண்டு செதிலாக எழும்பும். பிறகு 1920களின் தொடக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்ற இரண்டு வல்லுநர்களை வரவழைத்தது. விழவிருந்த பூச்சை அவர்கள் ஒட்டி நிறுத்தியது உண்மையிலேயே பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் மேலே பூசிய அரக்கு வார்னிஷும் காலப்போக்கில் மஞ்சளித்து இருண்டது. அதைக் கவனமாக நீக்கும் வேலையைத் தொல்லியல் துறை பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. சுத்தம் செய்த இடங்களில் முன்பு பழுப்பாகத் தெரிந்த பகுதிகளில் நீலமும் பச்சையும் தெளிந்து வந்திருக்கின்றன. இன்று சுவரில் தெரியும் இருட்டில் பழைய வார்னிஷின் பங்கு எவ்வளவு, அரக்கின் பங்கு எவ்வளவு, புகையின் பங்கு எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, அந்தந்த இடத்தில் துளி எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். இதில் யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

இதனால்தான் நகலுக்குத் தேதி முக்கியம் என்கிறேன். 1880இல் வரைந்த நகல் அரக்கு பூசுவதற்கு முன்பு சுவர் இருந்த நிலையைக் காட்டுகிறது, ஆனால் ஏற்கெனவே ஒரு வார்னிஷும் நூற்றாண்டுகளின் புகையும் படிந்த சுவர் அது. நகலில் ஒரு பழுப்பு இருந்தால், 5ஆம் நூற்றாண்டு ஓவியர் பழுப்பு பூசினாரா, 1880இல் இருந்தவர் அழுக்கைத்தான் அப்படியே வரைந்தாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மூலம் பசை வண்ணம், பளபளப்பில்லாதது. நகலோ எண்ணெய் வண்ணம். எண்ணெய் இயல்பிலேயே நிறத்தை அடர்த்தியாகக் காட்டும், வயதானால் தானும் மஞ்சளாகும். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அந்த கான்வாஸ்களே பராமரிப்பு கேட்கும் பழம்பொருள்களாகிவிட்டன. நீங்கள் பார்த்தது அந்த கான்வாஸின் புகைப்படம், அதுவும் உங்கள் திரையில். நிறம் இத்தனை படிகளைத் தாண்டி வந்திருக்கிறது. தெளிவாக இருப்பதால் அது உண்மையான நிறம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கையின் பழக்கமும் உள்ளே வந்துவிடும். அஜந்தா ஓவியர் முகத்துக்குத் திரட்சி கொடுக்கும் முறை தனி. ஓரங்களில் நிறத்தை அடர்த்தியாக்குவார், மூக்கு, மோவாய், உதடு போன்ற மேடான இடங்களில் வெளிச்சம் வைப்பார். அந்த வெளிச்சம் எந்தத் திசையிலிருந்தும் விழுவதில்லை. ஜன்னல் பக்கமிருந்து ஒளி விழுவதாக வைத்து ஐரோப்பிய முறையில் வரையப் பழகிய மாணவர், தன்னையறியாமல் முகத்தின் ஒரு பக்கத்தை நிழலாக்கிவிடுவார். ஜே.ஜே. பள்ளி நகல்கள் சிலவற்றில் இதைப் பார்க்கலாம்.

1909 முதல் 1911 வரையிலான குளிர்காலங்களில் கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் என்ற ஆங்கில ஓவியர் எடுத்த நகல்களில் கதை வேறு. அவர் ஐரோப்பியப் பழைய சுவரோவிய முறைகளை ஊன்றிப் படித்தவர், பழைய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினியின் ஓவியக் கைநூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். ஆகவே எண்ணெய் வண்ணம் இங்கே பொருந்தாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவரோடு வேலை செய்தவர்கள் வங்காளத்திலிருந்து நந்தலால் போஸ், அசித் குமார் ஹால்தார், சமரேந்திரநாத் குப்தா, மைசூரிலிருந்து வந்த வெங்கடப்பா, ஹைதராபாத்திலிருந்து சையத் அகமது, ஃபசலுத்தீன், இன்னும் சிலர். அஜந்தாவின் கோடு எப்படி மூச்சு விடுகிறது என்பது இந்த நகல்களில்தான் முதலில் பிடிபட்டது என்று நான் நினைக்கிறேன். ஆனால் இவற்றிலும் ஒரு மென்மை, ஒரு பனித்திரை இருக்கிறது. அது சுவரில் இருப்பதைவிட, வங்காள ஓவியர் அபனீந்திரநாத் தாகூரின் மாணவர்கள் கையில் இருந்த பழக்கம். 1915இல் இவை நூலாக வந்தன. சையத் அகமது பிறகு அஜந்தாவின் காப்பாளராகி, நிஜாம் அரசுக்காக நகலெடுப்பதைத் தொடர்ந்தார்.

சரி, இவ்வளவு குறை சொல்லிவிட்டு எதை நம்புவது? என் வேலையில் நான் நம்பும் சோதனை ஒன்று இருக்கிறது. நகலையும், இன்றைய சுவரைச் சாய்வில்லாமல் நேரெதிரே இருந்து எடுத்த படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் இரண்டிலும் மிஞ்சியிருக்கும் பகுதிகளை ஒப்பிட வேண்டும். விரல் நுனியின் வளைவு, காதணியின் முத்துகள், முழங்கையும் தூணும் தொடும் இடம் போன்ற சின்ன விஷயங்களில் நகல் சுவரோடு ஒத்துப்போனால், அந்த நகலெடுத்தவர் பார்த்ததை வரைந்தவர் என்று தெரியும். அப்போது இன்று உதிர்ந்துபோன பகுதியிலும் அவர் வாக்கை ஏற்கலாம். எங்காவது சிதைந்த இடத்தைத் தாண்டிக் கோடு தயக்கமே இல்லாமல் வழுவழுப்பாக ஓடினால் அங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அது ஊகமாக இருக்கலாம். இந்த விஷயத்தில் கிரிஃபித்ஸின் குழுவுக்கு நான் மிகுந்த மரியாதை தருகிறேன். விரிசலை விரிசலாகவும், பெயர்ந்த இடத்தைப் பெயர்ந்த இடமாகவும் வரைந்தார்கள். அழகாக முடித்துக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையை அடக்கியிருக்கிறார்கள். அந்த ஓட்டைகள்தான் இன்று நமக்கு மிகப் பயனுள்ளவை. அன்று இருந்து இன்று இல்லாதது எது என்று கணக்கிட முடிகிறது, எந்தப் பக்கச் சுவர் வேகமாக உதிர்கிறது, நீர் எந்த வழியாக வருகிறது என்று யோசிக்க முடிகிறது. நகல் சுவரைக் காப்பாற்ற உதவுவது இந்த வழியில்தான்.

நான் வேலை செய்த ஒரு கோயிலில் பழைய தாள் படிகள் சில கிடைத்தன. யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. வெறும் கோடு, ஆனால் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் பென்சிலால் காவி, இளம்பச்சை, கருநீலம் என்று எழுதியிருந்தது. இன்று அந்தச் சுவரில் பாதி இல்லை. வண்ணம் பூசிய நகலாக இருந்திருந்தால் அந்த வண்ணமும் மங்கி என்னைக் குழப்பியிருக்கும். எழுதிவைத்த பெயர் மங்காது. இப்போது நகலெடுக்கும் மாணவர்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்கிறேன்: தேதி, வெளிச்சம், தாள், வண்ணம், எந்தப் பகுதியை நேரில் பார்த்தது, எதை ஊகித்தது என்று எல்லாவற்றையும் ஓரத்தில் எழுதுங்கள்.

நேரில் பார்த்ததையும் ஊகித்ததையும் பிரிக்கும் விஷயத்தில் சீனர்கள் நம்மைவிடத் தெளிவாக யோசித்தார்கள். வடமேற்குச் சீனாவில் தூன்ஹுவாங்கின் மொகாவோ என்ற பௌத்தக் குகைகளில் ஏறத்தாழ 45,000 சதுர மீட்டர் சுவரோவியம் இருக்கிறது. 1940களின் தொடக்கத்தில் ஜாங் தாச்சியான் என்ற புகழ்பெற்ற ஓவியர் அங்கே தங்கி நூற்றுக்கணக்கான நகல்கள் எடுத்தார். மூல நிறம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று புதிதுபோலப் பளிச்சென்று வரைந்தார். நாடே தூன்ஹுவாங்கைத் திரும்பிப் பார்க்க அது காரணமாயிற்று. அடியில் இருக்கும் பழைய ஓவியத்தைப் பார்க்க மேலடுக்கைப் பெயர்த்தார் என்ற குற்றச்சாட்டும் அவர்மேல் உண்டு, அது பற்றிய வாதம் இன்றுவரை ஓயவில்லை. 1944இல் அங்கே ஆய்வு நிறுவனம் அமைந்தது, சாங் ஷுஹோங் தலைமை ஏற்றார். 1946இல் வந்து சேர்ந்த துவான் வென்ஜியே நகலை மூன்றாகப் பிரித்தார். இன்று இருக்கும் நிலையை அப்படியே வரைவது ஒன்று. சிதைவுகளை ஓரளவு ஒழுங்குபடுத்தி வரைவது இன்னொன்று. முதலில் எப்படி இருந்தது என்று ஆராய்ந்து மீட்டு வரைவது மூன்றாவது. எந்த வகை என்று சொல்லிவிட்டு வரைந்தால் பார்ப்பவர் ஏமாற மாட்டார்.

துவான் 1955இல் 130ஆம் குகையின் தாங் வம்சக் காலத்துச் சீமாட்டி ஒருவர் தன் பெண்களோடு புத்தரை வணங்க வரும் காட்சியை மூன்றாவது வகையில் நகலெடுத்தார். ஆளுயரத்துக்கு மேற்பட்ட உருவங்கள். அப்போதே அது மங்கிக்கொண்டிருந்தது. தெளிவில்லாத இடங்களுக்கு அதே காலத்து மற்ற ஓவியங்களையும் ஆடை அணிகளையும் படித்து, ஆதாரம் தேடித்தேடி முடித்தார். இன்று அந்தச் சுவரில் உருவங்களை அடையாளம் காண்பதே கடினம். அந்தக் காட்சியை நாம் அறிவதெல்லாம் அவருடைய நகலால்தான். நகலை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் உதாரணம் இது. நம்பத்தான் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வேறு சாட்சி இல்லை. அந்த நம்பிக்கைக்கு அவர் தகுதியானவராக இருந்தார் என்பது நம் பாக்கியம்.

தூன்ஹுவாங்கில் நிறத்தைப் பற்றி இன்னொரு பாடமும் இருக்கிறது. சில காலத்து உருவங்களின் முகமும் உடலும் கரும்பழுப்பாக இருக்கும். பார்ப்பவர்கள் அது ஓவியரின் துணிச்சலான பாணி என்று வியப்பார்கள். உண்மையில் சருமத்துக்குக் கலந்த ஈயச் சிவப்பு காலத்தால் கறுத்துப்போனது அது. அந்தக் கறுப்பை அப்படியே வரைந்தால் இன்றைய நிலைக்கு உண்மை, ஆதி ஓவியருக்குப் பொய். இளஞ்சிவப்பாக வரைந்தால் நேர்மாறாகும். இரண்டு வகை நகலும் தேவை என்பது இப்படித்தான் விளங்கும்.

நகலெடுப்பதா, பெயர்த்தெடுப்பதா என்ற சண்டையும் ஒரு காலத்தில் நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய ஆசியாவின் கிசில் பௌத்தக் குகைகளுக்கு வந்த ஜெர்மானியர்களில் ஆல்பர்ட் க்ரூன்வேடல் ஓவியங்களை இடத்திலேயே விட்டு வரைந்துகொள்ள வேண்டும் என்றார். அவரோடு வந்த ஆல்பர்ட் ஃபான் லெ கோக் அறுத்தெடுத்து பெர்லினுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார், அப்படியே செய்தார். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில், அருங்காட்சியகச் சுவரோடு பொருத்தியிருந்த பெரிய ஓவியங்கள் அழிந்தன. அவற்றில் பலவற்றுக்கு இன்று மிஞ்சியிருப்பது க்ரூன்வேடலின் கோட்டுப் படங்களும் பழைய புகைப்படங்களும்தான்.

இனி கேமரா பற்றி. இங்கே ஜப்பானின் ஹோர்யூஜி கோயிலைச் சொல்லியாக வேண்டும். அது குகை இல்லை, மரக் கோயில். ஆனால் அதன் பொன் மண்டபத்தில் இருந்த 7ஆம் நூற்றாண்டு இறுதியைச் சேர்ந்த பௌத்தச் சுவரோவியங்களை அஜந்தாவோடு ஒப்பிடாத அறிஞர் குறைவு. 1935இல் கியோட்டோவின் பென்ரிடோ நிறுவனம் அவற்றைப் பெரிய கண்ணாடித் தகடுகளில் முழு அளவில் படமெடுத்தது. 1940இல் சிறந்த ஓவியர்களை வைத்துக் கையால் நகலெடுக்கத் தொடங்கினார்கள். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே 1949 ஜனவரி 26 அதிகாலையில் மண்டபத்தில் தீப்பிடித்தது, சுவரோவியங்கள் கருகின. குளிருக்காக ஓவியர்கள் பயன்படுத்திய, மின்சாரத்தில் சூடேறும் திண்டு காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள், ஆனால் அது உறுதியாக நிறுவப்பட்டதில்லை. ஓவியத்தைக் காப்பாற்றத் தொடங்கிய வேலையின் நடுவில் ஓவியம் போனது என்பதுதான் நிச்சயம். அந்த அதிர்ச்சியில் அடுத்த ஆண்டே பண்பாட்டுச் சொத்துகளுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு 1967, 68இல் யசுதா யுகிஹிகோ, மயேதா செய்சோன் போன்ற மூத்த ஓவியர்கள் தலைமையில் புதிய நகல்கள் தயாராகின. 1935ஆம் ஆண்டுப் புகைப்படங்களைத் தாளில் மெலிதாக அச்சிட்டு, அதன்மேல் கையால் வண்ணம் தீட்டினார்கள். இன்று அந்த மண்டபத்தில் நீங்கள் பார்ப்பது அவற்றைத்தான். அளவையும் கோட்டையும் கேமரா கொடுத்தது, நிறத்தையும் பரப்பின் உணர்வையும் கை கொடுத்தது.

ஆகவே இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஆவணம் என்ற அளவில் கேமராதான் முதலில். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதிலும் சாதாரணப் படம் மட்டும் போதாது. புற ஊதா, அகச்சிவப்பு ஒளிகளிலும் எடுக்க வேண்டும், சுவரின் மேடுபள்ளத்தை அளக்க வேண்டும். முக்கியமாக, தொடாமல் எடுக்க முடிகிறது. பழைய முறையில் மெல்லிய தாளைச் சுவரில் வைத்து அழுத்திக் கோட்டைப் படியெடுப்பார்கள், தளர்ந்த வண்ணச் செதில்கள் அதோடு வந்துவிடும். தூன்ஹுவாங்கில் அதைத் தடைசெய்து, புகைப்படத்தைத் திரையில் பெரிதாக வீழ்த்தி வரையும் முறைக்கு மாறினார்கள். இன்று எந்தப் பௌத்தக் குகையிலும் சுவரில் தாள் வைக்க யாரையும் அனுமதிக்கக்கூடாது.

ஆனால் கேமரா எல்லாவற்றையும் சமமாகப் பார்க்கும். கறை, விரிசல், பழுதுபார்த்த ஒட்டு, ஓவியக் கோடு எல்லாம் அதற்கு ஒன்றே. ஒரு சதுர அடியை முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்க்கும் ஓவியர், பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, எந்தக் கோடு முதலில் போட்டது, எது பிறகு திருத்தியது, எந்த விரல் ஒரே இழுப்பில் வந்தது என்று பிரித்துச் சொல்வார். அந்தப் புரிதலைத் தாளில் பதிவுசெய்வதுதான் கை நகல். நந்தலால் போஸின் பிற்காலக் கோட்டில் அஜந்தா இருக்கிறது என்றால், அவர் அங்கே உட்கார்ந்து வரைந்ததால்தான். மாணவர்கள் கையால் நகலெடுக்க வேண்டும் என்று நான் சொல்வது ஆவணத்துக்காக இல்லை, பார்க்கக் கற்றுக்கொள்வதற்காக. உயர்தரப் படத்தின் அச்சுப் பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு வரையுங்கள், பிறகு குகைக்குப் போய்ச் சரிபாருங்கள்.

அப்புறம் முதல் கேள்வி, சுவரில் மறுபடி வரைவது. வேண்டாம். பழஞ்சின்னங்களைப் பராமரிப்பது பற்றி 1964இல் வெனிஸில் வகுத்த சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. என் அனுபவமும் அதையே சொல்கிறது. நகலில் ஊகமும் பார்த்ததும் கலந்திருக்கிறது. அதைச் சுவரில் ஏற்றிவிட்டால், அடுத்த தலைமுறைக்கு எது 5ஆம் நூற்றாண்டு, எது 1880, எது நம்முடையது என்று பிரிக்க வழி இருக்காது. புதிய வண்ணத்தின் பசையும் ஈரமும் பழைய பூச்சை என்ன செய்யும் என்ற ஆபத்து வேறு. உதிர்ந்த இடத்தைக் கண்ணை உறுத்தாத மங்கிய நிறத்தில் நிரப்பி, ஓரங்களை இறுக்கி, நீர் வராமல் பார்ப்பதோடு நிறுத்த வேண்டும். மீட்ட தோற்றத்தைப் பார்க்க ஆசைப்படுவது நியாயம்தான். அதற்குத் தனி நகலோ திரையில் காட்டும் படமோ போதும், அதிலும் எந்தப் பகுதி ஊகம் என்று குறித்திருக்க வேண்டும். கணினி தானாக நிரப்பிக் கொடுக்கும் முகங்கள் இப்போது நிறையப் பரவுகின்றன. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் எந்த இமை சுவரில் இருந்தது, எது இயந்திரம் போட்டது என்று சொல்லாத படத்தை நான் ஆவணமாக ஏற்க மாட்டேன்.

இதையெல்லாம் நேரில் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் லண்டன் வரை போக வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தின் பாக் குகைகளில் அஜந்தாவோடு நெருங்கிய ஓவியங்கள் இருந்தன. 1921 வாக்கில் குவாலியர் சமஸ்தானத்தின் தொல்லியல் துறைக்காக நந்தலால் போஸ், அசித் குமார் ஹால்தார், சுரேந்திரநாத் கர் ஆகியோர் அங்கே நகலெடுத்தார்கள். பிறகு ஈரத்தால் ஓவியங்கள் மோசமானதால், 1982இல் மிஞ்சியவற்றைச் சுவரிலிருந்து கவனமாகப் பெயர்த்து குவாலியருக்குக் கொண்டுபோனார்கள். நகல்களும் அங்கே குஜாரி மஹால் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நகலில் நடனமாடும் பெண்கள் வட்டத்தைப் பாருங்கள், பிறகு மூலத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். நிறத்தை விட்டுவிட்டு, கைகளின் வளைவிலிருந்து தொடங்குங்கள்.